அன்னெம் என்றால் யாருடைய அம்மா?

2022 ஐப்பசியில் எங்கள் காம்பேக்டிங் யூனிட்டுக்கு, அதாவது பின்னல் துணி பின்னால் சுருங்காதபடி முன்னாலேயே சுருக்கிக் கொடுக்கிற இடத்துக்கு, துருக்கியிலிருந்து ஒரு மெஷின் வந்து இறங்கியது. அதை மாட்டிக் கொடுக்க ஓர் இஞ்சினியரும் கூடவே வந்தார். மழை ஒரு பக்கம், கரண்ட் ஒரு பக்கம் என்று இழுத்து, 2 வாரத்தில் முடிய வேண்டிய வேலை 6 வாரம் ஆனது. திருப்பூரில் இதெல்லாம் சகஜம். மெயின்டெனன்ஸ் ஆள் என்பதால் அந்த 6 வாரமும் நான்தான் அவருக்கு வலது கை. எனக்கு இருப்பது பத்தாங்கிளாஸ் இங்கிலீஷ், அவருக்கு அதுவும் இல்லை. நடுவில் ஒரு செல்போன், அதில் மொழிபெயர்க்கும் ஆப்.

முதல் நாளே தன்னை 'அபி' என்று கூப்பிடச் சொன்னார். எல்லோரும் அதுதான் அவர் பேர் என்று நினைத்துக்கொண்டோம். கேட் ரெஜிஸ்டரில் தினமும் 'திரு. அபி' என்று எழுதினார்கள். பாய்லர் பார்க்கும் பெரியவர் மட்டும், "ஏனுங், அபிங்கறது பொம்பளப் புள்ளைக பேரல்லங்க?" என்று என்னிடம் தனியாகக் கேட்டார். நாலாவது வாரம்தான் தெரிந்தது, துருக்கியில் அபி என்றால் அண்ணா. நம்மூரில் டீக்கடைக்காரரையும் பஸ் கண்டக்டரையும் அண்ணா என்கிற மாதிரி அங்கே எல்லோரும் எல்லோருக்கும் அபி. அதாவது கேட் ரெஜிஸ்டரில் ஒரு மாதமாக 'திரு. அண்ணா' கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

நான் எழுத வந்தது அந்த மொழியின் வால் பற்றி. வால் என்று நான்தான் சொல்கிறேன். பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிற சின்னச் சின்னத் துணுக்குகள். அதில் ஒன்றில் வழுக்கி விழுந்ததில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

அபியின் அம்மாவுக்கு பர்ஸாவில் முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. பர்ஸா அவர்கள் நாட்டில் துணிக்குப் பேர்போன ஊர். தினமும் சாயங்காலம் ஷிப்டு முடிந்ததும் ஸ்டென்டர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து போன் போடுவார். பேச்சு முழுக்க 'அன்னெம், அன்னெம்' என்றுதான் கேட்கும். அம்மாவுடன் பேசும்போது அன்னெம். அப்புறம் சம்சாரத்துக்குப் போன் போட்டு அம்மாவைப் பற்றிச் சொல்லும்போதும் அன்னெம். நசுல் என்றால் எப்படி என்பது முன்பே தெரியும். சரி, அன்னெம் என்றால் அம்மா, முடிந்தது கதை என்று நினைத்தேன். மறுநாள் காலையில் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.

"அன்னெம் நசுல்?"

ஒரு நொடி அவருக்குப் புரியவில்லை. அப்புறம் மெஷின் மூடிமேல் கையை ஊன்றிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். டீ கொட்டிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் தட்டிக் காட்டினார். அந்த ஆப்பின் அழகுத் தமிழில் இருந்தது: 'உன் அம்மா எப்படி இருக்கிறாள் என்பது எனக்கு எவ்வாறு தெரியும்?'

நான் கேட்டது 'என் அம்மா எப்படி இருக்கிறாள்?' என்று. அன்னெ என்றால்தான் அம்மா. கடைசியில் வந்த அந்த ம் தான் 'என்'.

ஸ்பேர் பார்ட்ஸ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, ரோலில் எழுதுகிற மார்க்கரால் அபி எழுதிக் காட்டினார். அன்னெம், என் அம்மா. அன்னென், உன் அம்மா. அன்னெசி, அவன் அம்மா, அவள் அம்மா, அதன் அம்மா, எதற்கும் அதுவே. அன்னெமிஸ், நம் அம்மா. அன்னெனிஸ், உங்கள் அம்மா. மரியாதைக்கும் அதுதான். அன்னெலெரி, அவர்களுடைய அம்மா. யாருடையது என்பதற்கு முன்னால் எதுவுமே இல்லை. எல்லாம் பின்னால்.

அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது, ஒரு மூலையில் கிரீஸ் கறையோடு.

நம் தொழிலை வைத்துச் சொன்னால் எனக்கு இப்படித்தான் புரிந்தது. நாம் 'மாமன் ஊடு' என்கிறோம். சொந்தக்காரர் பேரை அட்டைப்பெட்டி மேல் எழுதிவிட்டோம். உள்ளே இருக்கிற பீஸில் ஒன்றும் கிடையாது. எழுத்துத் தமிழில் 'மாமனின் வீடு', 'மாமனது வீடு' என்று பெட்டிமேல் எழுதியதைக் கொஞ்சம் தடிமனாக்குகிறோம், அவ்வளவுதான். துருக்கிக்காரர்களோ பீஸிலேயே லேபிள் தைத்துவிடுகிறார்கள். எவ் என்றால் வீடு. எவிம், என் வீடு. எவின், உன் வீடு. எவி, அவன் வீடு. பெட்டி தொலைந்து போனாலும் பீஸ் யாருடையது என்று தெரியும்.

அதோடு விட்டார்களா என்றால் இல்லை. சொந்தக்காரர் பேரும் கூட வரும்போது பெட்டிமேலும் எழுதி, பீஸிலும் தைக்கிறார்கள். குமாஷ் என்றால் துணி, ரெங்க் என்றால் நிறம். துணியின் நிறம் என்பதற்கு 'குமாஷுன் ரெங்கி'. வார்த்தைக்கு வார்த்தை போட்டால் 'துணியின் அதன்நிறம்'. 'மாமனின் அவன்வீடு' என்று ஒருவன் பேசினால் நாம் தண்ணி தெளித்து எழுப்புவோம். அங்கே அதுதான் சரி. இரண்டு பக்கமும் சீல் வைக்காமல் சரக்கு எடுக்காத பையர் மாதிரி.

அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தையல் மெஷின். நமக்குத் தையல், மெஷின், அவ்வளவுதான். நடுவில் இருந்த உருபெல்லாம் ஒளிந்துகொண்டது, தொகை. அவர்கள் 'திகிஷ் மகினெசி' என்கிறார்கள். திகிஷ் தையல், மகினெ மெஷின், அந்த 'சி' வந்து 'அதன்'. தையல் அதன்மெஷின். பெட்டிமேல் எழுதாமல் பீஸில் மட்டும் லேபிள். எங்கள் தமிழையா வேற்றுமைத்தொகை நடத்தும்போது கடைசி பெஞ்சில் நான் தூங்கியது உண்மை. ஆனால் நாம் எதையெல்லாம் விழுங்கிவிட்டுப் பேசுகிறோம் என்பது, விழுங்காமல் பேசுகிற ஒருவரைப் பார்த்தால்தான் உறைக்கிறது. இதில் இன்னொரு சங்கதி. 'என் தையல் மெஷின்' என்று சொல்ல வேண்டுமானால் அந்த 'அதன்' லேபிளைப் பிரித்துவிட்டு 'என்' லேபிளைத் தைக்க வேண்டும், திகிஷ் மகினெம். ஒரு பீஸுக்கு ஒரு லேபிள்தான்.

உச்சரிப்பு பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 1928-ல் அவர்கள் அரபி எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறினார்கள். அதில் இ என்கிற எழுத்து இரண்டு. புள்ளி வைத்தது நம் இ. புள்ளி வைக்காதது வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரையும் திணற அடிக்கும் என்று அபி பெருமையாகச் சொன்னார். சொல்லிக் காட்டினார். நானும் திருப்பிச் சொன்னேன். அசந்துபோனார். நமக்கு அது ஒன்றும் புதிதில்லை. 'பாட்டு' என்று சொல்லி முடிக்கும்போது உதடு குவியாமல் பாதியில் நின்றுபோகிற ஓர் உ வருமே, கிட்டத்தட்ட அதுதான். நம்மிடம் அதற்குத் தனி எழுத்து இல்லை, குற்றியலுகரம் என்று பேர் மட்டும் உண்டு. அதனால் இங்கே குமாஷு என்பதன் கடைசி உகரத்தையும், நசுல் என்பதன் உகரத்தையும் உதட்டைக் குவிக்காமல் படியுங்கள்.

இப்போது வேற்றுமை. மழையில் ஒரு நாள் மதியம் முழுக்கக் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரை டையிங் பக்கம் திருப்பிவிட்டார்கள். நாங்கள் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அபி பள்ளிக்கூடத்தில் படித்ததைப் பிள்ளைகள் ராகத்தில் சொல்லிக் காட்டினார்: "எவ், எவி, எவெ, எவ்தெ, எவ்தென்." வீடு, வீட்டை, வீட்டுக்கு, வீட்டில், வீட்டிலிருந்து. பெயரின் ஐந்து 'ஹால்' என்று படித்தார்களாம். ஹால் என்றால் நிலைமை. 'இ' ஹால், 'எ' ஹால், 'தெ' ஹால், 'தென்' ஹால், உருபுதான் பேரே. மாமனின் என்பதில் வருகிற அந்த 'இன்' மாதிரி ஒன்று இருக்கிறதே, அது எங்கே என்று கேட்டேன். அதைப் பள்ளிக்கூடத்தில் இந்த ஐந்தோடு சேர்க்கவில்லை, தனியாக நடத்தினார்கள் என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து நின்று, "பெயரே ஐ ஆல் கு இன் அது கண் விளி" என்று நன்னூலை எடுத்துவிட்டேன். இருபத்தைந்து வருஷமாக உபயோகமே இல்லாமல் உள்ளே கிடந்த சரக்கு. அபி கை தட்டினார். செக்கிங் டேபிளில் இருந்த பெண்கள் இரண்டு பேருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று பார்த்தார்கள்.

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரின் ஊர் சனகை. அது எங்கள் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரம்தான் என்பது இந்தப் பக்கத்து ஆட்களின் பிடிவாதம். மைசூர்ப் பக்கம் என்பாரும் உண்டு. அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை, ஆனால் ஒறம்பரை வந்தால் சீனாபுரம் வழியாகத்தான் வண்டியை விடுவேன்.

இரண்டாம் வேற்றுமையில் ஒரு முறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். டிரையல் ஓட்டும் நாள். 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) சிங்கிள் ஜெர்சித் துணி ரோல் ஒன்றை அபி தனியாக எடுத்து வைத்திருந்தார். மெஷின் சூடானதும், "குமாஷு கெதிர்" என்றார். கெதிர் என்றால் கொண்டு வா. எனக்குக் காதில் விழுந்தது 'குமாஷ் கெதிர்'. ஏதோ துணி கொண்டு வரச் சொல்கிறார் என்று மூலையில் கிடந்த கழிவு ரோலைத் தூக்கிப் போய் மாட்டினேன். சுருக்கம் பார்த்தால் கணக்கு எங்கேயோ போகிறது. அரை மணி நேரம் டெம்பரேச்சரைத் திருகிக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் ரோலைப் பார்த்தார்.

குமாஷ் கெதிர் என்றால் 'துணி கொண்டு வா'. குமாஷு கெதிர் என்றால் 'துணியைக் கொண்டு வா', நமக்குள் பேசி வைத்த அந்தத் துணியை. வித்தியாசம் ஒரே ஓர் அரைகுறை உகரம். அவர் திட்டத் திட்ட எனக்குக் கோபமே வரவில்லை. தமிழிலும் இதே கதைதானே! 'சந்தைல மாடு வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு மாடு. 'மாட்டை வாங்கிட்டேன்' என்றால் போன வாரம் விலை பேசி வைத்த மாடு. இந்த ஐ வரும், வராது என்று நமக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, தப்பாகவும் பேசியதில்லை. செய்யப்படுபொருள் என்று மனப்பாடம் செய்ததில் இதைப் பற்றி ஒரு வரிகூட என் ஞாபகத்தில் இல்லை.

அதற்கு நேர் எதிராக, ஐந்தாம் வேற்றுமையில் மனப்பாடம் செய்தது கைகொடுத்தது. நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நாலு பொருள் சொல்வார்கள். மலையிலிருந்து விழுகிற அருவிக்கும், 'காக்கையிற் கரிது களாம்பழம்' என்று ஒப்பிடுவதற்கும் ஒரே உருபு எதற்கு என்று அப்போது குழம்பியிருக்கிறேன். பேச்சில் நாம் 'அதைவிட' என்றுதானே சொல்கிறோம். அபி இரண்டு துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "பு ஒன்தன் இயி" என்றார். பு என்றால் இது. இயி என்றால் நல்லது. ஒன்தன் என்றால் அதிலிருந்து. இது அதனின் நல்லது! அச்சு அசல் நன்னூல் தமிழ். பசியால் என்று காரணம் சொல்வதற்கும் அதே தன் தான். எல்லைதான் கொஞ்சம் நொண்டுகிறது, 'சாப்பாட்டுக்கு அப்புறம்' என்பதற்கு அவர்கள் 'சாப்பாட்டிலிருந்து அப்புறம்' என்கிறார்கள், மதுரையின் வடக்கு சிதம்பரம் என்கிற கணக்குக்கு வேறு வழியில் போகிறார்கள். நாலில் மூன்று, பாஸ் மார்க்குக்கு மேலேயே.

இந்தத் தன் ஒரு நாள் சிரிப்பு மூட்டியது. புது பிட்டர் ஒருவரை எந்த ஊர் என்று கேட்டுவிட்டு அபி என்னைப் பார்த்தார். நான் துருக்கியிலேயே, "பல்லடம்தன்" என்றேன், பல்லடத்திலிருந்து. பிட்டர், "ஆமாங்க, பல்லடந்தாங்க" என்று பலமாகத் தலையாட்டினார். அவருக்கு நான் தமிழ் பேசியதாகவே பட்டிருக்கிறது.

அவினாசிக்காரர் என்றால் அவினாசிதென். ஊருக்கு ஊர் உருபு மாறுகிறதா என்றால், ஆமாம், மாறுகிறது. பல்லடத்தின் கடைசி உயிர் அ, அதனால் தன். அவினாசியின் கடைசி உயிர் இ, அதனால் தென். சிவப்புத் துணிக்குச் சிவப்பு நூல், நீலத்துக்கு நீல நூல் என்று ஷேடு பார்த்துத் தைக்கிற மாதிரி, சொல்லின் உயிருக்குத் தகுந்த ஷேடில் உருபைப் போடுகிறார்கள். தன்/தென்னுக்கு இரண்டு ஷேடு. ஐ உருபுக்கு நாலு. தமிழில் இந்த வேலை இல்லை. நம்முடைய ஐ எல்லாத் துணிக்கும் ஒரே வெள்ளை நூல்.

ஆனால் தையல் போடும் இடத்தில் இரண்டு பேரும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். அவினாசி, அதோடு இரண்டாம் வேற்றுமை. நாம் அவினாசியை. அவர்கள் அவினாசியி. உயிரும் உயிரும் இடித்துக்கொள்ளாமல் நடுவில் ஒரு ய். உடம்படுமெய் என்று எங்கள் ஐயா கரும்பலகையில் எழுதியது அப்படியே. அபிக்கு இதை விளக்க, பேப்பரில் இரண்டு ஊர்ப் பேரையும் எழுதி ய்-யை வட்டம் போட்டேன். அவருக்கு ஒரு பரவசமும் இல்லை. "இல்லாமல் எப்படிச் சொல்வது?" என்றார்.

சாரியை கூட உண்டு. எவி என்றால் அவன் வீடு. அதில் 'தெ' சேர்த்தால் எவிதெ என்றுதானே வர வேண்டும்? வராது. எவிந்தெ. நடுவில் ஒரு ன். கேட்டால், "சும்மா வரும்" என்கிறார். அதனை, அதனில் என்று நாம் சும்மா ஓர் 'அன்' போடுகிறோமே, அதாட்ட. இந்தச் சும்மா வருகிற ன்-ஆல்தான் எனக்குத் தலைவலியே. எவின், உன் வீடு, அதனோடு தெ, எவிந்தெ. எவி, அவன் வீடு, அதனோடு ன், தெ, மறுபடி எவிந்தெ. உன் வீட்டில் இருக்கிறானா அவன் வீட்டில் இருக்கிறானா? இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டுமாம், சந்தேகம் வந்தால் முன்னால் உன்னுடைய, அவனுடைய என்று சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். லேபிள், லேபிள் என்று இவ்வளவு கொண்டாடினேனே, கடைசியில் இப்படி ஒரு ஷேடு மிக்ஸிங். கட்டப் பஞ்சாயத்துக்கு இந்த மொழி ஆகாது.

இருக்கிறது, இல்லை என்பது மட்டும் சர்க்கரை மாதிரி எளிது. வார், யோக். 'பரா' பணம். பராம் யோக், என்பணம் இல்லை, அதாவது கையில் காசில்லை. மாசக் கடைசியில் இந்த இரண்டு சொல்லை வைத்தே எங்கள் செக்ஷன் முழுக்கப் பேசிக்கொண்டது. எனக்கு இரண்டு பெண் குழந்தை. 'இகி குஸும் வார்', இரண்டு என்பெண் உண்டு. நாம் 'எனக்கு' என்று நாலாம் வேற்றுமையில் சொல்வதை அவர்கள் லேபிளில் முடித்துவிட்டார்கள். இரண்டு என்று எண் வந்துவிட்டதால் பெண்களுக்குக் 'கள்' கிடையாது. 'ரெண்டு பொண்ணு' என்று நாம் பேசுகிற மாதிரியே.

சரி, அன்னெமுக்கு வருகிறேன். அந்த வெட்கம் எனக்கு ரொம்ப நாள் போகவில்லை. அம்மா என்கிற சொல்லைக் கேட்டு, அதில் யாருடைய அம்மா என்பதும் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியாமல் ஏமாந்தேனே என்று. ஒரு நாள் ராத்திரி ஷிப்டில் திடீரென்று தோன்றியது: எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்கிற வெளியூர்க்காரன் என்ன பாடுபடுவான்? என்ற, உன்ற, எம்பட என்பதெல்லாம் தனியாக நிற்பதால் பரவாயில்லை. 'ஙொப்பன்', 'ஙொம்மா' என்கிறோமே! உங்கப்பன், உங்கம்மா இரண்டும் நசுங்கி ஒரே சொல்லானது. ங மொழிக்கு முதலில் வராது, 'ஙனம்' மாதிரி எங்கோ ஒன்று என்று ஐயா நடத்திக்கொண்டிருக்கும்போதே, ஜன்னலுக்கு வெளியே ஒருவர், "ஙொப்பன் ஊட்டுச் சொத்தாடா?" என்று கத்திக்கொண்டு போவார். ஐயா காதில் விழாத மாதிரி இருப்பார். கேட்கிற வெளியூர்க்காரன் அப்பாவுக்குக் கொங்கில் ஙொப்பன் என்று பேர் என்றுதான் நோட்டில் எழுதுவான்.

அதிலிருந்து இன்னும் கொஞ்சம் பின்னால் போனேன். எந்தை, என் தந்தை. நுந்தை, உன் தந்தை. தந்தை? அவனுடைய, தன்னுடைய தகப்பன். யாய், என் தாய். ஞாய், உன் தாய். தாய், அவன் தாய். குறுந்தொகையில் யாயும் ஞாயும் வருகிற பாட்டை யாருக்கு ஞாபகம் இல்லை! எம்பி, நும்பி, தம்பி என்பதும் அந்த வரிசைதான். ஒரு காலத்தில் தமிழிலும் உறவுப் பெயருக்குள்ளேயே லேபிள் இருந்திருக்கிறது. துருக்கிக்காரர்கள் வாலில் தைத்ததை நாம் தலையில் தைத்திருந்தோம். அப்புறம் எந்தையும் நுந்தையும் பேச்சிலிருந்து போய், 'அவனுடைய தகப்பன்' மட்டும் மிஞ்சி, எல்லோருடைய தகப்பனுக்கும் அதுவே பேராகிவிட்டது. இப்போது 'என் தந்தை' என்று எழுதுகிறோம். பழைய கணக்குப்படி அது 'என் அவன்தகப்பன்'. 'என் தம்பி'யும் அதே லட்சணம்தான்.

ஆக, லேபிளைக் கவனிக்காமல் பீஸை எடுத்து மாட்டிக்கொண்டது நான் ஒருத்தன் மட்டுமில்லை. தமிழ்நாடே மாட்டியிருக்கிறது. அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒரு கூட்டம் கிளம்பிவிடும், துருக்கி தமிழிலிருந்து வந்தது என்று. கால்டுவெல் 1856-லேயே திராவிட மொழிகளைத் துருக்கி முதலான வடக்கத்தி மொழிகளோடு உறவு வைத்துப் பார்த்தார். பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. துருக்கியில் உன் என்பதற்கு ன், நம்மிடம் நின், உன். இந்த மாதிரி இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பினால் யாரும் வாட்ஸப் பேராசிரியர் ஆகலாம். இரண்டு ஊர்த் தையல்காரர்களும் ஓவர்லாக்கை ஒரே மாதிரி அடிக்கிறார்கள் என்பதற்காக அண்ணன் தம்பி ஆகிவிட மாட்டார்கள். உறவு இல்லாமலேயே இவ்வளவு பொருந்துகிறதே என்பதுதான் எனக்குப் பெரிசாகப் படுகிறது.

உறவு என்றதும் ஞாபகம் வருகிறது. அப்பாவின் தம்பி அம்ஜா, அம்மாவின் தம்பி தாயு, அப்பாவின் தங்கை ஹலா, அம்மாவின் தங்கை தெய்ஸெ. எல்லோரையும் 'அங்கிள், ஆன்ட்டி' என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டாத இன்னொரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். "மாமன்கிட்டச் சீர் வாங்குவாங்களாமா?" என்று கேட்டாள். அதை நான் அபியிடம் கேட்கவில்லை.

அபி ஊருக்குப் போகும்போது செக்ஷனில் எல்லோரும் சேர்ந்து ஒரு வேட்டி வாங்கிக் கொடுத்தோம். பர்ஸா போய்ச் சேர்ந்து நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். நான் திண்ணையில் இருந்தேன். அம்மா பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, வழக்கம்போல முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். போனைப் போட்டால் அபியின் குரல் இல்லை. வயசான பொம்பளைக் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, எனக்குப் புரிய வேண்டுமே என்று.

"அன்னென் இயி, ஓலும்."

டீ கொட்டிய கதையை அபி வீட்டில் சொல்லியிருக்கிறார். 'அன்னெம் நசுல்' என்று நான் கேட்டதற்கு அந்தம்மா நேரடியாகவே பதில் அனுப்பியிருக்கிறார். அன்னென், உன் அம்மா. இயி, நன்றாக இருக்கிறாள். ஓலும், என் மகனே, வாலில் அந்த ம்.

"என்னடா சொல்றா?" என்றாள் அம்மா.

"'ஙொம்மா நல்லா இருக்கறா சாமி'ங்கறாங்க."

"ஙொம்மாளா? அப்ப நா ஆரு?"

நான் கதையைச் சொன்னேன். பாதிக்கு மேல் அவள் கேட்கவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டுப் போனைக் காட்டினாள்.

"செரி, ஆபரேசனுக்கப்புறம் முட்டிக்கு அவ என்ன தேய்க்கறாளாம், கேளு."